பறையும் ஒற்றும்

பாடசாலைப் பரிசளிப்பு விழாவின் மேடையில் நிகழ்வனவற்றை விமர்சனத்துக்கு உரியனவாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இல்லை. பிரதம விருந்தினர் உரை முடியும், நடனம் ஒன்று, நாடகம் ஒன்று, குழுப்பாடல் ஒன்று நிகழும், பெற்றோர் கைதட்டுவர், மறுநாள் எல்லாம் மறக்கப்படும். ஆயின், நிலையான அரங்குகளும் இசைச் சபைகளும் அரிதாகவே உள்ள வன்னிப் பெருநிலத்தில், கோயில் வீதிக்கு அடுத்தபடியாக மக்களுக்கு வாய்த்திருக்கும் மேடை பாடசாலை மேடையே. அங்கே எது ஒலிக்கிறது, எவ்வாறு ஒலிக்கிறது, எதை ஒலியாது விடுகிறது என்பன சில்லறை விடயங்கள் அல்ல. கலை மக்களிடமிருந்து பிறந்து மக்களையே சென்றடைவது என்ற கொள்கையை மேடைப் பேச்சில் மட்டும் வைத்துக்கொண்டு, மக்களின் பிள்ளைகள் ஆக்கிய கலையைப் பாராமுகமாக விடுவது பொருந்தாது.

இந்த எண்ணத்தோடுதான், கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றில் அண்மையில் நாம் கேட்ட தாளக்குழு நிகழ்ச்சியொன்றை இங்கே ஆராய முற்படுகிறோம். மாணாக்கர் பதினொருவர். தவில் இரண்டு, மிருதங்கம் ஒன்று, உடுக்கு ஒன்று, பறை ஒன்று, பாடசாலை பாண்ட் குழுவின் சைட் டிரம் இரண்டு, பேஸ் டிரம் ஒன்று, கைத்தாளம் ஒரு சோடி, இவற்றோடு தகரப் பீப்பாய்கள் இரண்டு. பாட்டு இல்லை, குழல் இல்லை, ஓர்கன் இல்லை. ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முழுவதும் அடியொலியே. எடுத்துக்கொண்ட பொருளோ பக்தியும் அன்று, உழவும் அன்று. உளவாளிப் படங்களின் இசை. 'மிஷன் இம்பொசிபிள்' என்ற தொடரின் முகப்பிசையை அடிப்படையாக வைத்து, ஒருவனை ஒருவன் தொடர்வதும், ஒளிந்து பார்ப்பதும், ஈற்றில் பிடிப்பதுமாகிய ஒரு கதையைத் தோலாலும் தகரத்தாலும் அவர்கள் சொன்னார்கள்.

இதைக் கேட்டதும் 'இஃதென்ன அந்நிய மோகம்' என்று முகம் சுளித்தோர் சிலர் எமக்கு அருகிலேயே இருந்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்நியமானது எது, நமது எது என்பதை வாத்தியத்தின் பெயரைக் கொண்டோ படத்தின் மொழியைக் கொண்டோ தீர்மானிக்க இயலாது. உள்ளே சென்று கணக்கைப் பார்க்க வேண்டும்.

அந்த முகப்பிசையை அமைத்தவர் லாலோ ஷிப்ரின். 1932 இல் ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் வாழ்ந்து, 2025 இல் மறைந்தவர். 1966 இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடருக்காக அவர் அமைத்த அந்த இசையின் உயிர் அதன் மெட்டில் இல்லை. அடித்தளத்தில் ஓடும் தாளத்தில் இருக்கிறது. மேலைத் தேயத்தின் சினிமாவிலும் நடன மண்டபங்களிலும் நான்கே பெருவழக்கு. ஷிப்ரின் ஐந்தை எடுத்தார். ஐந்தைப் பத்தாக விரித்தால், முதலில் மும்மூன்றாய் இரண்டு, பின் இரண்டிரண்டாய் இரண்டு: தகிட தகிட தக தக. இரண்டு நீளம், இரண்டு குறுமை. மோர்ஸ் தந்திக் குறியீட்டில் தொடரின் பெயரிலுள்ள இரு முதலெழுத்துகளும் இவ்வாறே அமையும் என்பதையும் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். மறைபொருளாகச் செய்தி அனுப்பும் உளவாளியின் தொழில் தாளத்தின் எலும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஐந்து மேலை இரசிகனுக்குப் புதுமையாக இருந்திருக்கலாம். நம்முடைய தவிற்காரனுக்கோ மிருதங்கம் பயிலும் சிறுவனுக்கோ அது புதுமை அன்று. கண்டம் என்பது அவன் முதலாண்டிலேயே கைப்படுத்தும் கணக்கு. வேறுபாடு பிளக்கும் முறையில்தான் இருக்கிறது. நமது கண்டசாபு இரண்டும் மூன்றும்: தக தகிட. பத்து மாத்திரைக்குள் இது இருமுறை வரும். ஷிப்ரின் பிளந்த பத்தில் அடிகள் விழும் இடங்கள் ஒன்று, நான்கு, ஏழு, ஒன்பது. நமது கண்டசாபுவின் அடிகள் விழும் இடங்கள் ஒன்று, மூன்று, ஆறு, எட்டு. வாசகர் விரல் மடித்து எண்ணிப் பார்க்கலாம். முதலடியில் மட்டுமே இரண்டும் சந்திக்கின்றன. அதற்குப் பின் ஒவ்வோர் அடியிலும் நமது கண்டசாபு மற்றதற்குச் சரியாக ஒரு மாத்திரை முன்னே நடக்கிறது.

இதனை அம்மாணாக்கர் கண்டுபிடித்தார்கள். இதுவே அந்நிகழ்ச்சியின் தலையாய சாதனை. நடுப்பகுதியில் பேஸ் டிரம் ஷிப்ரினின் பத்தை அடிக்க, பறை கண்டசாபுவை அடித்தது. ஒருவன் முன்னே ஓட, மற்றவன் அவன் அடிச்சுவட்டிலேயே ஒரு கணம் பிந்திக் கால் வைக்க, இருவரும் ஒரு மூலையில் ஒருங்கே திரும்பி, மீண்டும் ஒருவன் முந்த, மற்றவன் தொடர — இத்தனையும் சொல் இல்லாமல், திரை இல்லாமல், காது வழியாகவே கண்முன் விரிந்தது. படத்தில் கமராவும் கதாநாயகனின் முகமும் செய்யும் வேலையை இரண்டு தோல்கள் செய்தன. இஃது அந்நிய மோகம் அன்று. ஓர் அந்நியக் கணக்கை நமது கணக்கால் விசாரித்தறிந்த செயல்.

தாளவாத்தியங்கள் தனித்து நின்று ஒரு முழு ஆக்கமாதல் நமக்குப் பழக்கமானதே. தனி ஆவர்த்தனமும் தாளவாத்தியக் கச்சேரியும் அதற்குச் சான்று. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) தவிலைத் துணைவாத்தியம் என்ற நிலையிலிருந்து உயர்த்தி, அதன் தனிவாசிப்பைக் கேட்பதற்கென்றே மக்களைத் திரட்டினார். மேற்கிலோ இது காலத்தால் பிந்தியது. எட்கார் வாரேஸ் 1931 இல் எழுதி முடித்து, 1933 இல் நியூயோர்க்கில் அரங்கேறிய 'அயனீகரணம்' என்ற ஆக்கமே அங்கு இத்துறையின் தொடக்கச் சின்னங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. பதின்மூன்று வாத்தியக்காரர் பங்குகொள்ளும் அவ்வாக்கத்தில் அபாயச் சங்கொலி எழுப்பும் கருவிகளும் உண்டு. நகரத்தின் இரைச்சலை இசையாக்கியவர் வாரேஸ். தத்தம் காலத்தின் ஓசையைத் தாளத்துள் கொணர்வதே தாளக் கலைஞனின் கடன் என்பதை அவர் காட்டினார். இக்கடனை நினைவில் வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

ஐந்தைக் காத்தமைக்காகவும் மாணாக்கரைப் பாராட்ட வேண்டும். 1996 இல் இத்தொடர் திரைப்படமாக வந்தபோது, முகப்பிசையை யூ2 குழுவைச் சேர்ந்த இருவர் புதிதாக அமைத்து இசைத்தட்டாக வெளியிட்டனர். நடனத்துக்கு இசையும் பொருட்டு அதன் பெரும்பகுதி நான்காக மாற்றப்பட்டது. கேட்போன் தடுமாறாமல் ஆட வேண்டும்; ஆடினால் தட்டு விற்கும். ஐந்தின் அந்த ஒற்றைக் கால் சந்தையில் வெட்டப்பட்டது. நமது பிள்ளைகள் இணையத்திலே இரண்டையும் கேட்டிருக்கின்றனர். எளிதானதை விட்டு அரிதானதை எடுத்திருக்கின்றனர். வணிகக் கலை இளையோரின் சுவையை முற்றாகக் கெடுத்துவிட்டது என்று புலம்புவோர் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

இத்துணை பாராட்டிய பின் குறையைச் சொல்ல வேண்டும். குறை சிறிதன்று. ஆனால் அது மாணாக்கருடைய குறை மட்டும் அன்று. அவர்கள் எடுத்தாண்ட இசைவகையின் குருதியிலேயே ஓடும் குறை.

உளவாளிப் படத்தின் இசை யாருடைய பக்கம் நின்று ஒலிக்கிறது? அது எப்பொழுதும் பார்ப்பவன் பக்கம். பார்க்கப்படுபவன் பக்கம் அன்று. ஒளிந்து நிற்பவன் வீரன். ஒளியாது நடப்பவன் இரை. இவ்வகை இசை தன் கருவிகளையும் மெட்டுகளையும் எங்கிருந்து பெற்றது என்பதையும் பார்க்க வேண்டும். ஷிப்ரினின் இசையில் துடிக்கும் பொங்கோ மேளம் கியூபாவில் ஆபிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்களிடையே உருவானது. ஜேம்ஸ் பொண்ட் படவரிசையின் புகழ்பெற்ற முகப்பிசையின் வரலாறு இன்னும் வியப்பானது. 1962 இல் வெளிவந்த 'டொக்டர் நோ' படத்துக்காக அதனை இயற்றியவர் மொன்ரி நோர்மன். அதற்கு வாத்திய அமைப்புச் செய்தவர் ஜோன் பாரி. ஆனால் அம்மெட்டைப் படத்துக்கென நோர்மன் புதிதாக ஆக்கவில்லை. வி. எஸ். நைபோலின் 'பிஸ்வாஸ் அவர்களுக்கு ஒரு வீடு' என்ற நாவலை இசைநாடகமாக்க எழுதி, அது மேடையேறாது போகவே பெட்டியில் கிடந்த பாட்டொன்றின் மெட்டே அது. டிரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டு செல்லப்பட்ட இந்தியரின் வழிவந்த ஓர் ஏழை, தனக்கென ஒரு வீடு தேடி அலைந்த கதைக்குப் பிறந்த மெட்டு, பிரித்தானியப் பேரரசின் உளவாளி துப்பாக்கியோடு நடந்து வருவதற்கு உரியதாயிற்று. அம்மெட்டுக்கும் ஒரு மாறுவேடம் வாய்த்தது.

தமிழ்த்திரையும் இதில் பின்னிற்கவில்லை. ஷிப்ரின் தன் இசையை அமைத்த அதே 1966 இல், சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவன் ஒருவன்' படத்தை வெளியிட்டது. ஜெய்சங்கர் துப்பறிவாளராக நடித்தார்; இசை வேதா. 1986 இல் சுஜாதாவின் கதையில், கமல்ஹாசன் நடிப்பில் வந்த 'விக்ரம்' படத்துக்கு இளையராஜா மின்னணு ஒலிகளை முன்னிறுத்திய முகப்புப் பாடலைத் தந்தார். 2022 இல் அதே பெயரில் மீண்டும் ஒரு படம், இசை அனிருத். இம்மூன்று தலைமுறை இசையையும் நமது மாணாக்கர் அறிவர். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அவற்றின் சாயல்களும் வந்துபோயின. நாமும் அவற்றை இரசித்தே வளர்ந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயின் இரசித்தல் ஒன்று. எடுத்து ஆளுதல் வேறொன்று. எடுத்தாள்பவன் தான் எடுத்த பொருள் எவருக்கு ஊழியம் செய்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

இப்போது மேடைக்குத் திரும்புவோம். துரத்தல் பகுதியில் முன்னே ஓடியது பறை என்றோம். அதனைத் தொடர்ந்தவை பாண்ட் குழுவின் மேளங்கள். ஈற்றில் என்ன நிகழ்ந்தது? சைட் டிரம் இரண்டும் ஒருங்கே படபடவென வெடித்தன, பறை நின்றுவிட்டது. பின்னர் எல்லா வாத்தியங்களும் வெற்றி முழக்கம் செய்தன — பறை தவிர. பறையடித்த சிறுவன் மேடையின் பின்மூலையில் கோல்களைத் தாழ்த்திக்கொண்டு, தலை குனிந்து நின்றான். அது நடிப்பின் பகுதி. எதிரி பிடிபட்டான் என்பது அதன் பொருள். மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது.

எதிரியின் வேடம் பறைக்கு ஏன் கொடுக்கப்பட்டது? பின்னர் கேட்டபோது, 'அதன் சத்தம் கரடுமுரடாக இருக்கிறது' என்று விடை வந்தது. கள்ளமற்ற விடை, ஆனால் அந்தக் காது எங்கே பழக்கப்பட்டது? அச்சத்தையும் அநாகரிகத்தையும் குறிக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஆதிக்குடிகளின் மேளத்தை ஒலிக்கச் செய்யும் வழக்கத்தை உலகச் சினிமா நெடுங்காலமாகவே பயிற்றிவந்திருக்கிறது. நம் சமூகத்துக்கோ சினிமா வந்து கற்பிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வடபுலத்துச் சாதிய அமைப்பு பறையைச் சாவீட்டின் வாசலில் நிறுத்தியது. அடிப்பவனைப் படிக்கு வெளியே நிறுத்தியது. 1967 இல் தோன்றிய தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும், இந்த இழிவை மறுத்துப் பறையையே கைவிட்ட கிராமங்கள் உண்டு. அம்மறுப்பு நியாயமானது. அடிமைத் தொழிலாகச் சுமத்தப்பட்ட கலையை வீசி எறிவதற்கு ஒருவனுக்குள்ள உரிமையை, தொலைவில் நின்று கலைமரபு பேசுவோர் குறை சொல்ல முடியாது. இன்று ஒரு சிறுவன் அதனைப் பாடசாலை மேடையில் விரும்பிக் கையிலெடுக்கிறான் எனின், அதற்குப் பின்னால் ஒரு நீண்ட போராட்டம் இருக்கிறது. அத்தகைய கருவியை மீண்டும் பின்மூலைக்கு அனுப்பி, துரத்தி, வாயடைக்கச் செய்வது, அறியாது செய்யினும், பழைய கதையைப் புதிய தாளத்தில் சொல்வதாகும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அது உளவின் ஓசையைப் பற்றியது.

ஒளிந்து பார்க்கும் கண்ணைக் குறிக்க மாணாக்கர் சைட் டிரம்மில் மெல்லிய உருட்டொலியைப் பயன்படுத்தினர். படங்களில் அவ்வாறுதான் வரும். ஆனால் வன்னியிலே உளவுக்கு வேறோர் ஓசை இருந்தது. போரின் இறுதியாண்டுகளில் வானத்தில் ஆளில்லா வேவு விமானம் வட்டமிட்டது. அதன் பெயரை எவரும் சொன்னதில்லை. மக்கள் அதனை 'வண்டு' என்றார்கள். அது வந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். வண்டு பார்த்துவிட்டுப் போன பின் என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவ்வோசையில் தாளம் இல்லை. ஐந்தும் இல்லை, நான்கும் இல்லை. அடி இல்லாத, இடைவெளி இல்லாத, எண்ண முடியாத ஒரே இழுவை. எண்ண முடிந்திருந்தால் எப்போது முடியும் என்று அறிந்திருப்போம். அது முடியாமையே அச்சம். சினிமாவின் அச்சம் எண்ணத்தக்கது. ஆகையால் அது இன்பம். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிவதற்கு முன் நாம் குழிகளுக்குள் இருந்து கேட்ட அச்சத்துக்கு மாத்திரைக் கணக்கு இருக்கவில்லை.

உளவு வானத்தில் மட்டும் இருந்ததில்லை, தரையிலும் இருந்தது. முகம் மூடி, கண்ணுக்கு மட்டும் துளை விட்டு, வரிசையில் நிற்போரைப் பார்த்துத் தலையை அசைத்த மனிதனை நம் மக்கள் 'தலையாட்டி' என்றார்கள். அந்த ஒரு தலையசைவில் பிள்ளையை இழந்த தாய்மார் பலர். மறுபுறத்தில், 'உளவாளி' என்ற ஒரு சொல்லே தீர்ப்பாகி, விசாரணையின்றி உயிர் போன வீடுகளும் உண்டு. அந்தப் பழி உண்மையோ பொய்யோ என்று கேட்கவும் அயலவர் அஞ்சினர். எத்தரப்பினதாயினும் உளவு இங்கே வீரமாக இருந்ததில்லை. அயலவனை அயலவன் நம்பாமற் செய்த நஞ்சாகவே இருந்தது. போர் முடிந்த பின்னரும் கூட்டங்களிலும் நினைவு நிகழ்வுகளிலும் ஓரமாக நின்று படம் பிடிப்போரைக் கண்டு பேச்சைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது. இவ்வாறான மண்ணின் மண்டபமொன்றில் சைட் டிரம் படபடத்து எதிரி வீழ்ந்தபோது எல்லோரும் கைதட்டவில்லை. எமக்கு முன்வரிசையில் இருந்த முதிய பெண்ணொருவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மௌனமும் அந்நிகழ்ச்சி பற்றிய ஒரு விமர்சனமே; ஒருவேளை எம்முடைய விமர்சனத்தினும் கூர்மையானது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அது வலிமையான மறுப்பு. 'இப்பிள்ளைகள் 2009 இற்குப் பின் பிறந்தவர்கள். வண்டின் ஓசையை அவர்கள் கேட்டதில்லை. உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் களிக்கும் ஒன்றில் இவர்களும் களித்தால் உமக்கென்ன? துயரத்தை ஒவ்வொரு தலைமுறையின் தோளிலும் ஏற்றிவிட வேண்டுமா? வன்னிப் பிள்ளை மேளம் அடித்தால் அதில் போர் கேட்டே ஆக வேண்டும் என்பதும் ஒரு கொடுமை அல்லவா?'

கொடுமையே. களிப்பதற்கு உள்ள உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு. எந்த விமர்சகனுக்கும் அதைப் பறிக்க உரிமை இல்லை. எம் தலைமுறையின் காயத்தை அவர்களுடைய தாளமாக்கும்படி நாம் கேட்கவில்லை. ஆனால் களிப்புக்கும் அறியாமைக்கும் இடையே வேறுபாடு உண்டு. அவர்கள் அறிந்தே விலக்கினால் அது அவர்களுடைய தெரிவு. அறியாமலே விலகியிருந்தால் அது நாம் சொல்லாது விட்ட குற்றம். நிகழ்ச்சி முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, வண்டைப் பற்றி நாம் தற்செயலாகச் சொன்னோம். பேஸ் டிரம் வாசித்த மாணவி சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, 'சேர், அந்தச் சத்தம் எப்பிடி இருக்கும்? அடிச்சுக் காட்டேலுமோ?' என்று கேட்டாள். அடித்துக் காட்ட முடியாது என்றோம். அடியே இல்லாத ஒலி அது. அவள் ஈரப் பெருவிரலைத் தோலின்மேல் அழுத்தி இழுத்தாள். தாழ்ந்த உறுமலொன்று எழுந்தது. தமிழகத்து உறுமி மேளத்தை வளைகோலால் தேய்த்து இசைப்பது போன்ற ஒலி. 'இதைப் போலவோ?' என்றாள். மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். விடை அதுவே. கலை எங்கே தொடங்குகிறது என்று எவரேனும் கேட்டால், அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்போம்.

தாளத்துக்கும் உளவுக்கும் உள்ள உறவு நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. திருக்குறள் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியது. ஒற்று வேந்தனின் கருவி. பறையோ மறைவுக்கு எதிரானது. 'பறைதல்' என்ற சொல்லுக்கே 'சொல்லுதல்' என்பது பொருள். இவ்விரண்டும் நேர்நின்று சந்திக்கும் இடம் சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டத்தின் காட்சிக் காதை. கண்ணகிக்குக் கல் எடுக்க வடதிசை செல்லச் செங்குட்டுவன் துணிகிறான். வடபுல மன்னருக்கு ஓலை அனுப்புக என்கிறான் வில்லவன் கோதை. அழும்பில்வேள் வேறு வழி கூறுகிறான்: பகைவரின் ஒற்றர்கள் நம் வஞ்சி வாயிலை விட்டு அகலாது நிற்கின்றனர், ஊருக்குள்ளே பறையறைந்தால் போதும், அவர்களே செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவர் என்பது அவன் கூற்றின் கருத்து. ஒற்றன் கேட்கிறான் என்பதற்காகக் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. அவன் கேட்கட்டும் என்றே உரக்க அறையலாம் என்ற துணிவு அங்கே இருக்கிறது.

அந்தப் பறை வேந்தனின் பறை, படையெடுப்பின் பறை என்பதை நாம் மறக்கவில்லை. பறை தன்னளவிலே விடுதலையின் குரல் அன்று. மலையகத் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைக்கத் தப்பு அடிக்கப்பட்டது. துரையின் கட்டளையே அதில் ஒலித்தது. அம்மக்களுள் ஒரு பகுதியினர் 1977 வன்செயலின் பின் இதே வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். ஆகவே கேள்வி எந்தக் கருவி என்பதன்று. எவர் கையில், எவருக்காக என்பதே. ஆயினும் வஞ்சியின் அக்காட்சி கண்ணகியின் பொருட்டு நிகழ்ந்தது. அரசனின் வாயிலில் நின்று, மறைக்காமல், அஞ்சாமல் நீதி கேட்ட பெண் அவள். முல்லைத்தீவு மாவட்டத்தின் வற்றாப்பளையில் ஆண்டுதோறும் வைகாசியில் பொங்கலிட்டு மக்கள் வணங்குவதும் அவளையே. நம் நாட்டுக்கூத்து மத்தளங்களுக்கு அவள் கதை அறிமுகமானது.

அழும்பில்வேளின் கூற்றை மக்களின் கூற்றாக மாற்றியவர்களையும் இம்மண்ணிலே கண்டோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தனர். ஆண்டுக்கணக்கில் அப்போராட்டம் நீடித்தது. பார்ப்பவர் பார்த்தனர், படம் பிடிப்பவர் பிடித்தனர். தாய்மார் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தி, எல்லோருக்கும் கேட்கும்படி அவன் பெயரைச் சொன்னார்கள். முகம் மூடிய தலையாட்டிக்கு எதிர்மறுப்பு, முகம் திறந்து பெயர் சொல்லும் இத்தாய். அவள் கையில் மேளம் இல்லை. ஆயினும் அவள் செய்ததே பறைதல்.

அம்மாணாக்கரின் ஆக்கத்தில் நாம் மாற்றச் சொல்வது ஓர் இடம் மட்டுமே. ஷிப்ரினின் ஐந்து இருக்கட்டும், துரத்தல் இருக்கட்டும், பாண்ட் மேளங்களும் இருக்கட்டும். ஆனால் ஈற்றில் பறை வீழ வேண்டாம். கணக்கே அதை அனுமதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்: கண்டசாபு முதலடியில் எதிர்ப்படும், பின்னர் எப்போதும் ஒரு மாத்திரை முன்னே இருக்கும். தொடர்பவன் அதை எட்டிப் பிடிக்க வேண்டுமாயின் தாளம் பிழைக்க வேண்டும். அவர்கள் பறையை நிறுத்தியது கதைக்காகச் செய்த பிழை. சினிமா கற்பித்த முடிவுக்காகத் தாம் கண்ட கணக்கையே மறுத்த பிழை. பறை பின்மூலையிலிருந்து நடுமேடைக்கு வரட்டும். ஒளிந்து ஓடுவதை நிறுத்தி, நின்று அறையட்டும். அப்போது தொடர்ந்து வந்த மேளங்கள் என்ன செய்யும்? எதிர்க்குமா, அடங்குமா, அல்லது தாமும் கண்டத்தில் சேருமா? அதனை அம்மாணாக்கரே தீர்மானிக்கட்டும். அது அவர்களுடைய ஆக்கம்.

அடுத்த தவணையில் அதே நிகழ்ச்சியை மாவட்ட மட்டத்தில் மீண்டும் மேடையேற்ற எண்ணியிருப்பதாக அறிகிறோம். ஒத்திகைக்கு வரும்படி எம்மையும் அழைத்திருக்கின்றனர். செல்வோம். முன்வரிசையில் இருந்த அந்த முதிய பெண்மணியையும் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். அவர் தலையை நிமிர்த்திக் கேட்கும் நாளில் அவ்வாக்கம் நிறைவுபெறும்.